பச்சை ஃபைலும் நீல ஃபைலும்

வலியசாலை அக்ரஹாரத்தில் ராமசுப்ரமணியன் வீட்டு ஸ்டீல் அலமாரியைத் திறந்தால் நடுத்தட்டில் இரண்டு ஃபைல்கள் நிமிர்ந்து நிற்கும். பச்சை ஃபைல் அவர் மனைவி சீதாலக்ஷ்மியின் ஈரலுக்கு. நீல ஃபைல் அதே சீதாலக்ஷ்மியின் நுரையீரலுக்கு. நடுவில் ஒரு பழைய டெலிபோன் டைரக்டரியைத் தடுப்பாக வைத்திருந்தார். ஒன்றின் காகிதம் தவறிப்போய் மற்றதற்குள் நுழைந்துவிட்டால் அன்றைக்கு அவருக்குச் சாப்பாடு இறங்காது.

மனுஷர் மலையாள நாட்டு செக்ரட்டேரியட்டில் முப்பத்தோரு வருஷம் குப்பை கொட்டி, செக்‌ஷன் ஆபீசராக ஓய்வு பெற்றவர். ஒரு ஃபைலுக்கு ஒரு விஷயம் என்பது அவருக்கு வேதவாக்கு. இரண்டு விஷயத்தைக் கலந்து எழுதிய குமாஸ்தாக்களை இன்றைக்கும் பெயர் சொல்லித் திட்டுவார். இன்னொரு பாடமும் அங்கே படித்ததுதான். ஆடிட் பார்ட்டி வந்தால் கேட்டதற்கு மட்டும் பதில் சொல்ல வேண்டும், கேட்ட காகிதத்தை மட்டும் நீட்ட வேண்டும். தானாக வாயைத் திறந்து ஒரு வார்த்தை அதிகம் சொன்னவன் ஒரு வருஷம் விளக்கம் எழுதிக்கொண்டிருப்பான். இந்த இரண்டு பாடங்களை வைத்துக்கொண்டு அவர் ஒரு கரும்புள்ளி இல்லாமல் வேலையை முடித்தார். அதே இரண்டையும் வைத்துக்கொண்டு பெண்டாட்டியின் வியாதியையும் நடத்தப் புறப்பட்டதுதான் வினையாகப் போயிற்று.

அவரைக் கெட்டவர் என்று சொல்ல நாக்கு கூசும். மாத்திரை ஒரு வேளை தவறியதில்லை. ரத்தப் பரிசோதனை நாளில் விடியற்காலையிலேயே ஆட்டோவை வாசலில் கொண்டுவந்து நிறுத்திவிடுவார். சீதாலக்ஷ்மிக்கு வியர்த்தால் இவர் விசிறி எடுப்பார். ஆனால் டாக்டர் முன்னால் உட்கார்ந்துவிட்டால் பேசுகிறவர் அவர்தான். சீதாலக்ஷ்மி பக்கத்து நாற்காலியில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். வியாதி அவளுடையது, வாய் அவருடையது.

அவளும் பேசத் தெரியாதவள் இல்லை. பேசியே சம்பாதித்தவள். இருபத்தொன்றாம் வயதில் டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் டிரங்க் ஆபரேட்டராகச் சேர்ந்தாள். அந்த நாளில் வெளியூருக்குப் பேச வேண்டுமென்றால் இவளைக் கேட்டுத்தான் ஆக வேண்டும். "மதுரை லைன் பிஸி, நாகர்கோவில் லைன் பிஸி, திருநெல்வேலிக்கு இருபது நிமிஷம் ஆகும், வைத்துவிடுங்கள், நானே கூப்பிடுகிறேன்" என்பதைத் தமிழிலும் மலையாளத்திலும் இங்கிலீஷிலும் ஒரே மூச்சில் சொல்லி முடிப்பாள். கூட வேலை பார்த்தவர்கள் கடிகாரம் வைத்துப் பந்தயம் கட்டியிருக்கிறார்கள்.

ஆனால் ஆபரேட்டருக்கும் ஒரு சட்டம் உண்டு. இரண்டு லைனையும் இணைத்துவிட்டால் விலகிவிட வேண்டும். உள்ளே யார் என்ன பேசினாலும், பொய்யே சொன்னாலும், குறுக்கே வாய் வைக்கக் கூடாது. ஒரே ஒரு தடவைதான் அனுமதி. மூன்று நிமிஷம் முடிந்ததும் நடுவில் நுழைந்து, "மூணு நிமிஷம் ஆச்சு, நீட்டணுமா?" என்று கேட்கலாம். எக்ஸ்சேஞ்ச் எல்லாம் மிஷினாகி, இவள் டைரக்டரி விசாரணைப் பிரிவில் உட்கார்ந்து, ஐம்பத்து மூன்றாம் வயதில் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. அவர் பேசும்போது அவள் லைனை விட்டு விலகிவிடுவாள்.

வீட்டுக்கு வந்த அடுத்த வருஷமே உடம்பு படுத்தத் தொடங்கியது. மாடிப்படியில் பாதியில் உட்கார வேண்டிவந்தது. பிறகு உடம்பெல்லாம் அரிப்பு, கண்ணில் மஞ்சள். நகரத்தின் வடக்குக் கோடியில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஈரல் டாக்டர் ஊசி வைத்து ஈரலிலிருந்து சின்னத் துணுக்கு எடுத்துப் பார்த்தார். குடியில்லை, கிருமியில்லை. உடம்பைக் காக்க வேண்டிய சக்தியே ஆள் தெரியாமல் சொந்த ஈரலை அடித்துக்கொண்டிருக்கிறது என்றார். அதை அடக்க ஸ்டீராய்டும் இன்னொரு மாத்திரையும் கொடுத்தார். ராமசுப்ரமணியன் அன்றைக்கே கிழக்கேகோட்டையில் பச்சை ஃபைல் வாங்கி, முதல் பக்கத்தின் மூலையில் ஒன்று என்று எண் போட்டார்.

ஸ்டீராய்ட் வேலை செய்தது. மஞ்சள் போயிற்று, அரிப்பு போயிற்று. முகம் மட்டும் இட்லி மாதிரி உப்பியது. தெருவில் பார்த்தவர்கள், "நன்னாத் தேறிட்டேளே மாமி" என்று வாயார மெச்சினார்கள். சீதாலக்ஷ்மிக்கு அழுகையாக வரும். கண்ணாடியில் தெரிவது யாரோ. ரத்தத்தில் எண்கள் இறங்க இறங்க டாக்டர் மாத்திரையைக் குறைத்துக்கொண்டே வந்தார். நாற்பது மில்லிகிராம் இருபதாயிற்று, இருபது பத்தாயிற்று. முழுதும் நிறுத்திவிடும் நாளைத்தான் அவள் எண்ணிக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் இருமல் வந்தது. வறட்டு இருமல். சளி கிடையாது, ஜுரம் கிடையாது. பேசினால் இருமல், சிரித்தால் இருமல், குனிந்து கோலம் போட்டால் இருமல். இரண்டு வாரம் மிளகுக் கஷாயம் குடித்துப் பார்த்துவிட்டு, ஊருக்குள்ளேயே ஒரு நெஞ்சு டாக்டரிடம் போனார்கள். அவர் ஸ்டெதஸ்கோப்பை வைத்துப் பார்த்துவிட்டு, "வேற எந்தெங்கிலும் அசுகம் உண்டோ?" என்று மலையாளத்தில் கேட்டார், வேறு வியாதி ஏதாவது உண்டா என்று.

"லிவருக்கு ஒரு சின்ன பிரச்னை உண்டு, ஸார். அதுக்கு வேற டாக்டர் பாக்கறார். இப்போ நார்மலாக்கும்" என்றார் ராமசுப்ரமணியன்.

அதில் ஒரு வார்த்தை பொய்யில்லை. நெஞ்சு டாக்டர் சரியென்று தலையாட்டி, உறிஞ்சுகிற மருந்து எழுதிக்கொடுத்தார். என்ன மாத்திரை என்று அவர் கேட்கவில்லை, இவர் சொல்லவில்லை. வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள். அன்று சாயங்காலம் நீல ஃபைல் பிறந்தது.

இந்த இரண்டு ஃபைலிலும் சேராத சமாசாரங்களும் சில இருந்தன. வாய் எப்போதும் காய்ந்து கிடந்தது. ஒரு கவளம் சாதத்துக்கு ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தால்தான் உள்ளே போகும். கண்ணில் மணல் விழுந்த மாதிரி உறுத்தும். ஃபிரிட்ஜிலிருந்து பால் கவரை எடுத்தால் விரல்கள் சுண்ணாம்பாக வெளுத்து, அப்புறம் நீலம் பாரித்து, கால் மணி நேரம் கழித்து வலியோடு சிவக்கும். ஒரு நாள் அவரிடம் காட்டி, "இது எந்த ஃபைல்ல சேரும்?" என்று கேட்டாள்.

"இதெல்லாம் ஃபைல் பண்ற அளவுக்கு இல்லை, சீதா. வயசாறதில்லையா" என்றார் அவர். அவள் அதோடு விட்டுவிட்டாள்.

இரண்டு வருஷம் இப்படியே ஓடியது. அக்ரஹாரத்து வீடு வாசலிலிருந்து கொல்லை வரைக்கும் ஒரே நீளம். இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர், ஜன்னல் கிடையாது. வாசலில் கொஞ்சம் வெளிச்சம், கொல்லையில் கொஞ்சம் வெளிச்சம், நடுவில் பகலிலும் விளக்கு. கூடத்திலிருந்து அடுக்களைக்கு முப்பத்தோரு அடி. முதலில் ஒரு மூச்சில் நடந்தாள். பிறகு பாதியில் சுவரைப் பிடித்து நின்றாள். பிறகு இரண்டு இடத்தில் நின்றாள். கிழக்கேகோட்டைக்குப் போவது நின்றது, தெருக்கோடிக் கோவிலுக்குப் போவது நின்றது. வாசற்படி இறங்கினால் ஏற வேண்டுமே என்று அதுவும் நின்றது. வீடு ஒரு பக்கம் நெருக்க, நெஞ்சு உள்ளேயிருந்து நெருக்க, நடுவில் இவள் மாட்டிக்கொண்டாள். பயமாக இருந்தது. யாரிடம் சொல்வது? ஈரல் டாக்டரிடம் போனால் பச்சை ஃபைல்தான் பேசும். நெஞ்சு டாக்டரிடம் போனால் நீல ஃபைல்தான் பேசும்.

பூனாவிலிருந்து மகள் மீரா விடுமுறைக்கு வந்தவள், அம்மாவை வெளியே கூட்டிப்போனால் சரியாகும் என்று பொன்முடிக்கு டாக்சி வைத்தாள். கொண்டை ஊசி வளைவுகள் முடிந்து மேலே இறங்கினபோது மூடுபனி. சீதாலக்ஷ்மி பத்தடி நடந்தாள். அதற்கு மேல் காற்று உள்ளே வரவில்லை. உதடு நீலமாயிற்று. திரும்பக் காருக்குள் உட்காரவைத்துக் கண்ணாடியை ஏற்றினார்கள். மடியில் கிடந்த கையைப் பார்த்து மீரா அலறிவிட்டாள். மூன்று விரல்கள் செத்த விரல் மாதிரி வெளுத்துக் கிடந்தன.

"அம்மா, இது எப்பேலிருந்து?"

"கொஞ்ச நாளா... உண்டு."

"டாக்டர்ட்ட சொன்னியோ?"

சீதாலக்ஷ்மி கணவரைப் பார்த்தாள். மீரா இருவரையும் பார்த்துவிட்டு, அந்தக் கையைத் தன் ஃபோனில் படம் எடுத்து அம்மாவின் ஃபோனுக்கு அனுப்பினாள். "இதைக் காமிக்காமே இனிமே எந்த டாக்டர்ட்டேயும் போப்படாது, கேட்டியா?" என்று சொல்லிவிட்டு இரண்டு நாளில் பூனாவுக்குப் போய்விட்டாள்.

மூச்சு திணறியதைக் கேட்டு நெஞ்சு டாக்டர் ஸ்கேன் எடுக்கச் சொன்னார், மூச்சுப் பரிசோதனைக்கும் எழுதிக்கொடுத்தார். பரிசோதனை அறை கதவு சாத்திய கண்ணாடிக் கூண்டு. கூட வந்தவர்களுக்கு அனுமதியில்லை. உள்ளே ஷெமி என்ற பெண், "ஊதிக்கோ, ஊதிக்கோ, ஊதிக்கோ" என்று உற்சாகம் கொடுத்துக்கொண்டிருந்தாள். சீதாலக்ஷ்மி ஊதினாள். கம்ப்யூட்டரில் கோடு எழும்பினதும் தெரியவில்லை, விழுந்ததும் தெரியவில்லை. ஷெமி விரலில் கிளிப்பை மாட்டினாள். மிஷின் எண் காட்டவில்லை. வேறு விரலில் மாட்டினாள், அதிலும் இல்லை. ஏ.சி. குளிரில் விரல்கள் வெளுத்திருந்தன. அந்தப் பெண் கிளிப்பைக் கழற்றிவிட்டு இரண்டு கையையும் தன் கைக்குள் வைத்துத் தேய்த்தாள். கடைசியில் எண் வந்தது. ரத்தத்தில் ஆக்சிஜன் எண்பத்தொன்பது, தொண்ணூற்றைந்துக்கு மேல் இருக்க வேண்டியது.

"அம்மா வேற மருந்து ஏதாவது கழிக்குன்னுண்டோ?" என்று கேட்டாள், வேறு மருந்து சாப்பிடுகிறீர்களா என்று.

சீதாலக்ஷ்மி பழக்கத்தில் கதவைப் பார்த்தாள். அவர் வெளியே இருந்தார். இரண்டு வருஷத்தில் முதல் முறையாக ஒரு கேள்வி நேராக அவளிடம் வந்திருந்தது.

"உண்டு. லிவருக்கு. ஸ்டீராய்ட்."

ஷெமி டாக்டரின் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதில் அது எழுதிட்டே இல்லல்லோ. ரெண்டு டாக்டரெயும் ரெண்டும் காணிக்கணும், கேட்டோ அம்மா." இரண்டு பேரிடமும் இரண்டையும் காட்ட வேண்டும். இவ்வளவுதான் விஷயம். இதைச் சொல்ல ஒரு ஆள் கிடைக்க இரண்டு வருஷம் ஆகியிருந்தது.

மறுநாள் காலை ராமசுப்ரமணியன் பென்ஷனருக்கான ஏதோ சான்றிதழ் விஷயமாக வெளியே போயிருந்தார். சீதாலக்ஷ்மி அலமாரியைத் திறந்து டைரக்டரியை நகர்த்தி இரண்டு ஃபைலையும் கூடத்துத் தரையில் கொண்டுவந்து போட்டாள். டேக் கயிற்றை அவிழ்த்தாள். எக்ஸ்சேஞ்சில் அன்றன்றைய டிரங்க் கால் சீட்டுகளை நேரப்படி அடுக்குகிற மாதிரி, எந்த டாக்டர் என்று பாராமல், தேதியை மட்டும் பார்த்து அடுக்கினாள். பச்சைக் காகிதம், நீலக் காகிதம், பச்சை, நீலம். பாதி அடுக்கும்போதே கை நின்றுவிட்டது.

பிப்ரவரி பன்னிரண்டு, ஸ்டீராய்ட் இருபதிலிருந்து பத்து. மார்ச் மூன்று, இருமல், நெஞ்சு டாக்டர். ஆகஸ்ட் ஆறு, பத்திலிருந்து ஏழரை. ஆகஸ்ட் இருபத்தொன்பது, மூச்சு வாங்குகிறது, நெஞ்சு டாக்டர். அவர் அப்போது ஐந்து நாளைக்கு ஏதோ மாத்திரை எழுதியிருந்தார். பெயரைப் படித்தாள். அதே ஸ்டீராய்ட். அந்த ஐந்து நாள் நன்றாகத் தூங்கினது அவளுக்கு ஓர்மை இருந்தது. ஜனவரி ஒன்பது, ஏழரையிலிருந்து ஐந்து. ஜனவரி முப்பது, நெஞ்சு டாக்டர். ஈரல் சுகமாக ஆக நெஞ்சு கெட்டுக்கொண்டு வந்திருந்தது. ஒரு தடவை கூடத் தப்பவில்லை. வருகிற புதன்கிழமை ஈரல் டாக்டரிடம் போக வேண்டும். எண்கள் இப்படியே இருந்தால் அன்றைக்கு ஸ்டீராய்டை அறவே நிறுத்திவிடலாம் என்று போன தடவை சொல்லியிருந்தார். எந்த நாளை அவள் எண்ணிக்கொண்டிருந்தாளோ அதே நாள்.

ராமசுப்ரமணியன் திரும்பி வந்து கூடத்தைப் பார்த்தார். அவர் முகம் போன போக்கைச் சொல்லி முடியாது.

"சீதா! என்ன பண்ணி வெச்சிருக்காய்? பக்க நம்பரெல்லாம் போச்சே!"

"தேதியைப்... பாருங்கோ."

"ரெண்டு ஃபைலை இஷ்டத்துக்கு க்ளப் பண்ணப்படாது. ஆர்டர் வேணும்."

"பாருங்கோன்னா."

அவர் குனிந்து பார்த்தார். காகிதம் படிப்பதில் அவரை மிஞ்ச ஆளில்லை, அது வாஸ்தவம். இரண்டு நிமிஷம் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி பார்த்தார். ஸ்கேன் ரிப்போர்ட் ஒட்டிய கவரில் இருந்தது. "இதையும் பிரிச்சுப் பாருங்கோ" என்றாள் அவள். அவர் கவரைத் திருப்பி விலாசத்தைக் காட்டினார். "இது நெஞ்சு டாக்டருக்கு அட்ரஸ் பண்ணினது. அவர்தான் பிரிக்கணும்."

"புதன்கிழமை... நிறுத்திடுவார்."

"அவர் எம்.டி., டி.எம். படிச்சவர். நேக்கும் நோக்கும் தெரியறது அவருக்குத் தெரியாதா? நாம கேள்வி கேட்டா, சொல்லித் தரேளான்னு நெனைச்சுப்பார்."

இதற்கு மேல் வாதாட அவளுக்குக் காற்று இல்லை. ஒரு சண்டையைக்கூட முழுசாகப் போட முடியாத நிலை. அவர் தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து, சாயங்காலம் வரை ஒவ்வொரு காகிதமாகப் பிரித்து, பச்சையைப் பச்சையிலும் நீலத்தை நீலத்திலும் சேர்த்து, டேக் கட்டி அலமாரியில் வைத்தார். டைரக்டரி பழைய இடத்துக்குப் போயிற்று. ஒவ்வொன்றையும் வைக்குமுன் அவர் தேதியை இரண்டு தடவை பார்த்ததை அவள் கவனித்தாள். கவனித்து என்ன பிரயோஜனம்? அலமாரி பூட்டும் சத்தம் கேட்டபோது தன்னையே உள்ளே வைத்துப் பூட்டின மாதிரி இருந்தது.

புதன்கிழமை ஈரல் டாக்டர் நல்ல குஷியில் இருந்தார். பச்சை ஃபைலைப் புரட்டினார், கம்ப்யூட்டரைப் பார்த்தார்.

"சூப்பர். எல்லாம் நார்மல். ரெண்டு கொல்லமாயிட்டு நார்மல். இனி ஸ்டீராய்ட் வேண்டா, நிறுத்தாம்." இரண்டு வருஷமாக நார்மல், நிறுத்திவிடலாம் என்கிறார்.

"வளரெ சந்தோஷம், ஸார்" என்றார் ராமசுப்ரமணியன். குரலில் சந்தோஷம் இல்லை. அவர் கை மடியிலிருந்த துணிப்பையின் காதை முறுக்கிக்கொண்டிருந்தது.

டாக்டர் பேனாவை எடுத்தார். சீதாலக்ஷ்மி பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேர் பேசுகிறார்கள், லைன் தெளிவாக இருக்கிறது, பேசுவது பூராவும் தப்பு. ஆபரேட்டர் விலகி நிற்க வேண்டும். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். உள்ளே வந்து மூன்று நிமிஷம் ஆகியிருந்தது.

"ஸார், ஒரு மினிட்" என்றாள்.

அது வலியசாலை மாமியின் குரல் இல்லை. முப்பது வருஷத்துக்கு முந்தின டிரங்க் எக்ஸ்சேஞ்சின் குரல். எவ்வளவு பெரிய மனிதரானாலும் பேச்சை நிறுத்தின குரல். டாக்டர் பேனாவை நிறுத்தினார். அவள் ஃபோனைத் திறந்து வெளுத்த மூன்று விரல்களின் படத்தை மேஜைமேல் வைத்தாள். அப்புறம் மூன்று மூன்று வார்த்தையாக மலையாளத்தில் சொன்னாள். இருமல் இரண்டு வருஷம். மூச்சு இல்லை. அடுக்களைக்கு நடக்க முடியவில்லை. வாயில் எச்சில் இல்லை. மாத்திரை குறைத்தால் கூடுகிறது. குறைத்த ஒவ்வொரு தடவையும். நடுவில் இருமல் வந்து ஆளையே உலுக்கியது. டாக்டர் காத்திருந்தார். அவர் முகத்திலிருந்த குஷி போய்விட்டது.

"செஸ்ட் டாக்டரெ காணிச்சோ?"

"காணிச்சு."

டாக்டர் ராமசுப்ரமணியன் பக்கம் திரும்பினார். "ஆ பேப்பர் எல்லாம் எவிடெ?"

கேட்டுவிட்டார். ராமசுப்ரமணியன் மடியிலிருந்த பைக்குள் கையை விட்டு, குடை, தண்ணீர் பாட்டில், துண்டு எல்லாவற்றுக்கும் அடியிலிருந்து நீல ஃபைலை உருவி எடுத்து மேஜைமேல் வைத்தார். ஒட்டிய கவரும் மேலேயே இருந்தது.

டாக்டர் கவரைக் கிழித்து ஸ்கேன் படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். எழுதியிருந்த சீட்டைக் கசக்கிக் கூடையில் போட்டார். அப்போதே ஃபோனை எடுத்து, மேல்மாடியில் வாதநோய்ப் பிரிவில் இருக்கும் டாக்டர் ஜிஜியைக் கூப்பிட்டு, இவர்களை உடனே அனுப்புவதாகச் சொன்னார்.

லிஃப்டுக்குக் காத்திருக்கும்போது சீதாலக்ஷ்மி கேட்டாள்.

"இன்னிக்கு... கொண்டுவரணும்னு... தோணித்தா?"

அவர் லிஃப்டின் சிவப்பு எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். "எப்பவும் கொண்டுவருவேன்."

"எப்பவுமா?"

"அங்கே போறப்போ பச்சையும் பைல இருக்கும். இங்கே வரப்போ நீலமும் இருக்கும். கேட்டா உடனே குடுக்கணுமில்லையா." பையை மறுகைக்கு மாற்றிக்கொண்டார். "யாரும் கேக்கலை, சீதா."

இரண்டு வருஷம். பதினொரு தடவை இந்த ஆஸ்பத்திரி, ஒன்பது தடவை அந்த டாக்டர். இருபது தடவையும் அவள் உயிர் அந்தப் பையின் அடியில் குடைக்குக் கீழே கிடந்திருக்கிறது, ஒரு முழம் தூரத்தில். அவளுக்கு வந்த கோபத்துக்கு அவரைப் பார்த்து அங்கேயே நாலு பேர் முன்னால் கத்தியிருக்க வேண்டும். கத்துவதற்கு மூச்சு வேண்டாமா? சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் தோளைக் கொடுத்தார். வேறு வழியில்லாமல் அதையே பிடித்துக்கொண்டாள்.

டாக்டர் ஜிஜி சின்ன வயசுப் பெண். கண்ணிமைக்குள் காகிதத் துண்டை வைத்து எவ்வளவு நனைகிறது என்று பார்த்தாள். அது நனையவே இல்லை. நாக்கை நீட்டச் சொன்னாள், விரல்களைப் பார்த்தாள், ரத்தம் எடுத்தாள். ஒரு வாரம் கழித்து இரண்டு ஃபைலையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்துவைத்து, மலையாளமும் தமிழும் கலந்து நிதானமாகச் சொன்னாள். உடம்பின் காவல் சக்தி சொந்த உடம்பையே அடிக்கிற வியாதிகள் சில சமயம் ஒன்றோடு ஒன்று சேர்ந்து வரும். இவளுக்கு முதலில் கண்ணீரும் எச்சிலும் ஊறும் சுரப்பிகளை அடித்திருக்கிறது. அப்புறம் ஈரல். அதே அடி நுரையீரலிலும் விழுந்துகொண்டிருந்தது. ஈரலுக்குக் கொடுத்த ஸ்டீராய்ட் யாருக்கும் தெரியாமல் நுரையீரலையும் தாங்கிக்கொண்டிருந்தது. ஈரல் தேறிவிட்டதென்று அதைக் குறைக்கக் குறைக்க, நுரையீரல் தாங்க ஆளில்லாமல் வடுப்பட்டுப் போயிற்று. மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது. அது திரும்பாது. மீதியைக் காப்பாற்ற, ஈரலுக்கும் நுரையீரலுக்கும் சேர்த்து ஒரே மருந்து தருகிறேன், இரண்டு டாக்டரிடமும் நானே பேசுகிறேன் என்றாள்.

ராமசுப்ரமணியன் கையைக் கூப்பாத குறையாக முன்னால் சாய்ந்தார். "மோளே, ஒண்ணு கேக்கட்டா? ரெண்டு வருஷம் முந்தி இந்த ரெண்டு ஃபைலையும் சேத்துக் காமிச்சிருந்தா?"

ஜிஜி படத்தை உறைக்குள் போட்டாள். "அது இப்போ பேசண்டா, அங்கிள்" என்றாள்.

கேட்ட கேள்விக்குப் பதில் கிடைக்காமல் அவர் வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு மேஜையை விட்டு எழுந்தார்.

இப்போது கூடத்து மூலையில் ஒரு ஆக்சிஜன் மிஷின் ஹோவென்று ஓடிக்கொண்டிருக்கிறது. அதிலிருந்து பத்து மீட்டர் ட்யூப். அடுக்களைக்கு எட்டும், வாசலுக்கு எட்டாது. மூன்றடி குறைவு. சீதாலக்ஷ்மி அந்த மூன்றடி தள்ளி நாற்காலி போட்டுக்கொண்டு தெருவைப் பார்த்தபடி இருக்கிறாள். இருமல் குறைந்திருக்கிறது. நீளமான ட்யூப் வாங்கலாம் என்று அவர் சொன்னார். டாக்டரைக் கேட்டுக்கொண்டு வாங்கலாம் என்று அவள் சொன்னாள்.

அலமாரியில் டைரக்டரி இல்லை. ஒரே ஒரு தடிமனான ஃபைல், தேதி வாரியாக, அவள் அன்று தரையில் அடுக்கின அதே வரிசையில். மனுஷர் அடியோடு மாறிவிட்டார். ஆட்டோக்காரரிடம் சொல்கிறார், பால்காரரிடம் சொல்கிறார், யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் ஆதியோடந்தமாகச் சொல்கிறார். அவளுக்கு எரிச்சலாக வரும். மன்னித்துவிட்டாளா என்று கேட்டால், இல்லை. ஆனால் இரவில் மிஷின் ஓசை கொஞ்சம் மாறினால் முதலில் எழுந்து உட்காருகிறவர் அவர்தான், அதையும் அவள் மறுப்பதில்லை.

போன மாசம் ஜிஜியிடம் போனபோது, "எங்ஙனெ உண்டு, எப்படி இருக்கு?" என்று அந்தப் பெண் கேட்டாள். ராமசுப்ரமணியன் வாயைத் திறந்தார். திறந்தவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார்.

"நான் சொல்லட்டுமா, நீ சொல்றியா?"

"நான்" என்றாள் சீதாலக்ஷ்மி.

சொன்னாள். மூன்று வார்த்தை, மூச்சு. மூன்று வார்த்தை, மூச்சு. ஜிஜி பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தாள். எந்த இடத்தில் எந்த வார்த்தை வரப்போகிறது என்று ராமசுப்ரமணியனுக்குத் தெரியும். உதடு தன்னால் அசைந்தது, ஆனால் எடுத்துக்கொடுக்கவில்லை. கண் நிறைந்துவிட்டது. முடிக்கப் பன்னிரண்டு நிமிஷம் ஆயிற்று. இரண்டு வருஷத்துக்கு முன்னால் யாராவது கேட்டிருந்தால் ஒரே மூச்சில் சொல்லியிருப்பாள்.